மலையகத்தில் இடம்பெயர்ந்தோருக்கான டிஜிட்டல் திட்டம்: நிதி கேட்பதற்கு முன்னும் பின்னும்

தோட்டத்து இளைஞர் கழகம், மாதர் சங்கம், கோவில் பரிபாலன சபை, பழைய மாணவர் சங்கம் என்று ஏதோ ஒரு சிறு அமைப்பு உங்களிடம் இருக்கிறது. மண்சரிவில் வீடிழந்தவர்களுக்கும் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கும் போனும் இணையமும் உண்மையாகவே பயன்பட வேண்டும் என்று நினைக்கிறீர்கள். அதற்கு நிதி தேடுகிறவர்களுக்கான வழிகாட்டி இது.

நான் படித்துப் பார்த்த விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் "15 டேப், ஒரு ரவுட்டர், ஒரு புரொஜெக்டர்" என்ற பட்டியலில்தான் தொடங்கின. பட்டியல் முதலில், அதற்குப் பணம் தரும் ஆள் அடுத்தது, பயனாளிகள் கடைசியில். இந்த வரிசையில் போனால் பணம் கிடைக்காமல் போவது ஒரு நட்டம். கிடைத்துவிட்டால் அதைவிடப் பெரிய நட்டம். ஒரு வருடத்துக்குள் அலுமாரியில் பூட்டிக் கிடக்கும் டேப்கள் அடுத்த விண்ணப்பத்துக்கும் கதவடைத்துவிடும்.

கீழே நிதி தேடுவது ஏழாவது படியாகத்தான் வருகிறது. முதல் ஆறு படிகளுக்கு இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள். ஏதோ ஒரு நிதியத்தின் இறுதித் தேதி அடுத்த வாரம் என்று தெரிந்தால், அந்தச் சுற்றை விட்டுவிடுவதே நல்லது.

1. யாருக்காக என்பதைப் பிரித்து எழுதுங்கள்

"பாதிக்கப்பட்ட மக்கள்" என்று மொத்தமாக எழுதினால், நிதி தருபவர் எந்தக் கட்டத்தில் உங்களை வைப்பார் என்பது அவர் கையில் போய்விடும். மலையகத்தில் குறைந்தது இரண்டு பிரிவினர் இருக்கிறார்கள். சட்ட நிலையும் வேறு, தேவையும் வேறு.

ஒன்று, மண்சரிவால் இடம்பெயர்ந்தவர்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) புதைந்தபோது தப்பியவர்கள் முதல், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் வீடிழந்தவர்கள் வரை இதில் வருவார்கள். வீடு விழாவிட்டாலும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயப் பகுதி என்று சொன்னதால் லயத்தை விட்டு எழும்பியவர்களையும் சேருங்கள். இவர்கள் நாட்டின் எல்லையைத் தாண்டவில்லை. ஆகவே சட்டப்படி அகதிகள் அல்லர், உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்.

இரண்டு, தமிழ்நாட்டில் அகதியாக இருந்து திரும்பியவர்கள். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போய், அங்கும் போர் துரத்திக் கடல் தாண்டிய குடும்பங்கள் இதில் உண்டு. இவர்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் பத்திரத்தில். முகாமில் பிறந்த பிள்ளையிடம் இந்தியப் பிறப்புச் சான்றிதழ் இருக்கும், இலங்கைக் குடியுரிமைப் பதிவு இருக்காது. இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம், போரால் இந்தியா போனவர்களையும் உள்ளடக்கும்படி 2009இல் திருத்தப்பட்டது. உங்கள் பட்டியலில் யாருக்கு இது பொருந்தும் என்பதை இப்போதே குறித்து வையுங்கள்.

இந்தப் பிரிப்பு ஏன் முக்கியம்? சில நிதியங்கள் எல்லை தாண்டிய அகதிகளுக்கு மட்டும் தருகின்றன. சில, உள்நாட்டில் இடம்பெயர்ந்தோரையும் நாடற்றவர்களையும் ஏற்கின்றன. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இலங்கை கையெழுத்திடவில்லை. வேறு நாடுகளிலிருந்து வந்து இங்கே தஞ்சம் கேட்டிருப்பவர்கள் அதிகமாக நீர்கொழும்புப் பக்கம் இருக்கிறார்கள், தோட்டங்களில் அல்ல. லயத்தில் இருப்பவர்களை "அகதிகள்" என்று எழுதி அனுப்பினால் விண்ணப்பம் முதல் வாசிப்பிலேயே கழிந்துபோகும். அதற்கு மேலே, பொய் சொன்னதாகவும் எடுத்துக்கொள்வார்கள்.

குடும்ப எண்ணிக்கையைக் கிராம உத்தியோகத்தரிடமும் தோட்ட அலுவலகத்திலும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டும் ஒத்துவராது. உறவினர் லயத்தில் ஒண்டியிருக்கும் குடும்பங்கள் ஒரு பட்டியலிலும் இருக்காது. மூன்றையும் எழுதி, வித்தியாசம் ஏன் என்று ஒரு வரி சேருங்கள். வாசிப்பவருக்கு நீங்கள் இடத்துக்குப் போய்ப் பார்த்தவர் என்று அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று: இடம்கொடுத்த லயத்துக்காரர்களையும் பயனாளிகளில் ஒரு பங்காகச் சேருங்கள். வந்தவர்களுக்கு மட்டும் போன், இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை என்றால் திட்டம் தொடங்கிய மாதமே சண்டை வரும். பெரும்பாலான நிதியங்கள் இந்தப் பங்கை ஏற்றுக்கொள்கின்றன.

2. கருவியை விட்டுவிட்டு வேலையைக் கேளுங்கள்

வீடு வீடாகப் போய் "உங்களுக்கு இன்டர்நெட் வேணுமா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் வேணும் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கேட்க வேண்டியது வேறு: "அம்மா, போன மாசம் என்னென்ன வேலைக்கு டவுனுக்குப் போனீங்க? பஸ்ஸுக்கு எவ்வளவு போச்சு? அன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" (பேர் என்பது அன்றைய வேலைக்கான சம்பளப் பதிவு.) ஒரு நாள் சம்பளம் போய், பஸ் செலவும் போய், பிரதேச செயலகத்தில் "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பப்பட்ட கதை அநேகமாக ஒவ்வொரு காம்பராவிலும் கிடைக்கும். இந்தப் பதில்களைக் கூட்டினால் உங்கள் திட்டத்தின் பண மதிப்பு தானாகவே வந்துவிடும். "விழிப்புணர்வு" என்று பத்து பக்கம் எழுதுவதை விட இது கனமானது.

வரும் வேலைகள் பெரும்பாலும் இவைதான்: பிறப்புச் சான்றிதழ் பிரதி எடுப்பது, அஸ்வெசும (அரச நலன்புரிக் கொடுப்பனவு) மேன்முறையீடு, ஊழியர் சேமலாப நிதிக் கணக்கில் பெயர் திருத்துவது, சாதாரண தரப் பெறுபேறு பார்ப்பது, கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ இருக்கும் மகள் அனுப்பும் பணத்தைப் பெறுவது, இன்னும் முகாமில் இருக்கும் உறவுகளோடு பேசுவது. மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்று நிலைகளில் எதற்கு விழித்திருக்க வேண்டும், எதற்கு உடனே வெளியேற வேண்டும் என்று தெரிந்து, அந்தச் செய்தி தமிழில் கைக்கு வந்து சேர்வது.

இதில் மூன்றை மட்டும் எடுங்கள். ஏழு வேலையையும் எடுத்தால் ஒன்றையும் அளக்க முடியாது.

எடுத்த மூன்றையும் பின்னோக்கி அவிழ்த்துப் பாருங்கள். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். மண்ணோடு போனது போன் மட்டும் இல்லை, அடையாள அட்டையும் போயிருக்கும். அடையாள அட்டை இல்லாமல் பழைய சிம்மைத் திரும்ப எடுக்க முடியாது. சிம் இல்லாவிட்டால் வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண் வராது. அது வராமல் வங்கிச் செயலியைத் திறக்க முடியாது. ஆக, டிஜிட்டல் திட்டத்தின் முதல் மாதச் செலவு அடையாள அட்டை விண்ணப்பத்துக்கான புகைப்படமும் பஸ் காசும்தான். இதைத் திட்டத்தில் எழுதத் தயங்காதீர்கள். "இது டிஜிட்டல் இல்லையே" என்று நிதி தருபவர் கேட்டால் மேலே சொன்ன வரிசையை அப்படியே விளக்குங்கள்.

சிம் யாருடைய பெயரில் இருக்கிறது என்றும் கேளுங்கள். தெரிந்த கடைக்காரர் பெயரில், செத்துப்போன மாமனார் பெயரில் என்று பதில்கள் வரும். அந்த எண்ணை அரசாங்கச் சேவையிலோ வங்கியிலோ பதிந்தால் பிறகு சிக்கல்.

3. சிக்னல், மின்சாரம், நேரம் மூன்றையும் அளந்து பாருங்கள்

"எங்கள் தோட்டத்தில் கவரேஜ் இல்லை" என்று எழுதுவது போதாது. மேட்டு லயத்தில் வீடியோ ஓடும், பள்ளத்து லயத்தில் கோல் கூட எடுக்காது. டயலொக், மொபிட்டல், ஹட்ச் மூன்று சிம்மையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு லயத்தின் இரு முனையிலும், பிரட்டுக்களத்திலும் (காலையில் வேலை பிரிக்கும் இடம்), கோவிலிலும், பிள்ளை மடுவத்திலும் (குழந்தைகள் பராமரிப்பு நிலையம்) நின்று பாருங்கள். காலை, மதியம், இரவு 7 மணிக்கு மேல் என்று மூன்று நேரமும் வேண்டும். இரவில் எல்லாரும் ஒரே கோபுரத்தில் ஏறும்போது வேகம் விழும். பகலில் மட்டும் அளந்தவர்கள் இதில் ஏமாறுகிறார்கள்.

திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். அண்ட்ரொய்ட் போனில் அமைப்புகளுக்குள் போய் சிம் நிலையைப் பார்த்தால் சிக்னல் அளவு எண்ணாக வரும். 4ஜியில் மைனஸ் 90க்கு அருகில் என்றால் நன்று, மைனஸ் 110க்குக் கீழே போனால் வெளி அன்டெனா இல்லாமல் சரிவராது. இதைக் கையால் வரைந்த தோட்ட வரைபடத்தில் குறியுங்கள். அந்த ஒரு தாள் எந்த அழகான வார்த்தையையும் விட உதவும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கோ நிறுவனத்துக்கோ கோபுரம் கேட்டு எழுதும்போதும் அதே தாள்தான் கை கொடுக்கும்.

ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கியதிலிருந்து எல்லா விண்ணப்பத்திலும் அது வந்துவிடுகிறது. மூன்று சிம்மும் தோற்ற இடத்துக்கு மட்டும் அதை எழுதுங்கள். மாதக் கட்டணம் நிதி முடிந்த பிறகும் வரும். வானம் திறந்திருக்க வேண்டும், மலைச்சரிவுக்கும் சவுக்கு மரங்களுக்கும் நடுவில் அது எல்லா இடத்திலும் அமையாது.

மின்சாரத்துக்கு ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ரவுட்டருக்கு ஏறக்குறைய 12 வொட். எட்டு மணி நேரம் ஓட ஏறக்குறைய 100 வொட்-மணி. 12 வோல்ட், 20 அம்பியர்-மணி ஈய மின்கலத்தில் பாதியைத்தான் பயன்படுத்தலாம் என்றால் 120 கிடைக்கும், ரவுட்டருக்குப் போதும். அதே மின்கலத்தில் 12 போன்களையும் சார்ஜ் பண்ணலாம் என்று எழுதினால் தவறு. 5000 மில்லி அம்பியர்-மணி போன் ஒன்றுக்கு 19 வொட்-மணி, 12க்கு 230 தேவை.

இடி மின்னலையும் மறக்க வேண்டாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மலையகத்தில் ரவுட்டர்கள் கருகுவது வழக்கம். மின்னல் தடுப்புப் பிளக், நிலத்தொடர்பு, "இடி கேட்டால் யார் வயரைக் கழற்றுவது" என்று ஒரு பெயர். மூன்றும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

நேரம் மின்சாரத்தை விடக் கடினமானது. கொழுந்து எடுக்கும் பெண்கள் மாலை வீடு வந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பார்த்து முடிக்க இருட்டிவிடும். வார நாள் மாலை வகுப்பு என்று எழுதினால் வருவது இளைஞர்கள் மட்டும். அறிக்கையில் "பெண்கள் 60 வீதம்" என்று எழுதியிருந்தால் அது பொய்யாகும். ஞாயிறு காலையும் போயா நாளும் ஓரளவு சரிவரும். சம்பள நாளை ஒட்டிய ஞாயிற்றில் எல்லாரும் டவுனில் இருப்பார்கள். திருவிழாக் காலத்தில் வகுப்பே வேண்டாம்.

4. அமைப்பின் பத்திரங்கள்

இது சுவாரசியமில்லாத படி, ஆனால் விண்ணப்பங்கள் அதிகம் விழுவது இங்கேதான். வேண்டியவை: யாப்பு, நிர்வாகிகள் பட்டியல், கடைசிப் பொதுக்கூட்ட அறிக்கை, அமைப்பின் பெயரில் இரண்டு கையொப்பத்தோடு வங்கிக் கணக்கு, முந்தைய வருடங்களின் கணக்காய்வு அறிக்கை, பதிவுச் சான்றிதழ்.

பதிவுக்குப் பல வழிகள் உண்டு. பிரதேச செயலக மட்டப் பதிவு எளிது. தேசிய மட்டத்தில் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க தன்னார்வ சமூக சேவை நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகம் பதிவு செய்கிறது. வெளிநாட்டு நிதியங்கள் சில இந்தத் தேசியப் பதிவைக் கேட்கும்.

அது இல்லையென்றால் புதிதாகப் பதியக் கிளம்பி மாதக்கணக்கில் அலைய வேண்டாம். பதிவுள்ள பெரிய நிறுவனம் ஒன்றோடு எழுத்து ஒப்பந்தம் செய்து, பணம் அவர்கள் கணக்கில் வந்து வேலை உங்கள் கையில் நடக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எத்தனை வீதம் நிர்வாகச் செலவு எடுப்பார்கள், பணம் வந்து எத்தனை நாளில் உங்களுக்கு அனுப்புவார்கள், வாங்கிய பொருள் யாருக்குச் சொந்தம் என்ற மூன்றையும் முன்பே எழுதிவிடுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால், திட்டம் முடிந்த மறுநாள் போன்கள் கொழும்புக்குப் போய்விடும்.

தலைவரும் பொருளாளரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருந்தால் இப்போதே மாற்றுங்கள். தோட்டத்தில் அது இயல்பாக நடக்கும், படித்தவர்கள் இரண்டு மூன்று வீட்டில்தானே இருப்பார்கள். ஆனால் விண்ணப்பத்தை வாசிப்பவர் அப்படிப் பார்க்க மாட்டார்.

5. அறையும் அனுமதியும்

லயமும் நிலமும் அறையும் மக்கள் பெயரில் இல்லை. அதனால் மலையகத்தில் இந்தப் படி வேறு மாவட்டங்களை விடக் கூடுதல் கவனம் கேட்கிறது.

துரை (தோட்ட மனேஜர்) "செய்யுங்க, பிரச்சினையில்ல" என்று சொன்னதை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் ஆறு மாதத்தில் மாற்றலாகிப் போவார், அடுத்தவருக்கு ஒன்றும் தெரியாது. கடிதம் கம்பனியின் பெயரில், பதவிக் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். அதில் எந்த அறை, எத்தனை வருடம், மின்கட்டணம் யார், கூரையில் அன்டெனா பொருத்தலாமா, ஞாயிறு திறக்கலாமா என்பவை தனித்தனியாக வர வேண்டும். ஒன்றை விட்டால் அந்த ஒன்றில்தான் நிற்பீர்கள்.

தோட்ட நிர்வாகம் மறுத்தால் வேறு கதவுகள் உண்டு. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை செலவு செய்யலாம். நூலகத்திலோ சனசமூக நிலையத்திலோ ஒரு மூலையைச் சபையிடம் கேட்கலாம். பாடசாலை என்றால் அதிபரின் சம்மதத்தோடு வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும். கோவில் மண்டபம் எல்லாருக்கும் வசதி என்று தோன்றும்; வேறு மதத்துக் குடும்பங்கள் வருவார்களா என்று கேட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

தொழிற்சங்கத் தலைவர்களிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு சங்கத்தாரிடம் மட்டும் சொன்னால் மற்றச் சங்கத்தார் வகுப்புக்கு வரமாட்டார்கள். எல்லாச் சங்கத் தலைவர்களையும் ஒரே நாளில், ஒரே கூட்டத்துக்குக் கூப்பிடுவது பாதுகாப்பு.

6. பட்ஜெட்டைப் பின்னாலிருந்து போடுங்கள்

நிதி நிற்கும் மாதத்தில் தொடங்குங்கள். அந்த மாதம் டேட்டாவுக்கு ரீலோட் யார் போடுவது? உடைந்த திரையை மாற்றுவது யார்? திறப்பு யாரிடம்? இதற்குப் பதில் கிடைத்த அளவுக்கு மட்டும் பொருள் வாங்குங்கள். மாதம் 3,000 ரூபா மட்டுமே உள்ளூரில் சேரும் என்றால், 10,000 ரூபா மாதச் செலவுள்ள அறையை உருவாக்கக் கூடாது.

டேட்டா கணக்கு: நடுத்தரத் தெளிவில் வீடியோ ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிபி முதல் முக்கால் ஜிபி வரை இழுக்கும். 12 பேர் வாரம் ஒரு மணி நேரம் பார்த்தால் மாதம் 30 ஜிபி கிட்ட வரும். ஆகவே வீடியோவை ஒருமுறை இறக்கி, உள்ளூரிலேயே ஓட விடுங்கள். இணையமில்லாமல் இயங்கும் கோலிப்ரி என்ற இலவசக் கல்வித் தளம் அகதி முகாம்களிலும் பயன்பாட்டில் உள்ளது. சாதாரண மடிக்கணினி ஒன்றில் ஏற்றி, அறையின் வைஃபையில் பகிரலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்ப் பாடங்கள் இருக்கின்றன.

விலைமனு வாங்கும்போது வற் வரி சேர்த்தா என்று கேளுங்கள். 2024 ஜனவரி முதல் அது 18 வீதம். வரி இல்லாத விலையைப் போட்டு நிதி வாங்கியவர்கள் ஆறு போனுக்கு ஐந்துதான் வாங்க முடிந்தது. மூன்று கடையிலிருந்து விலைமனு எடுங்கள், அதில் ஒன்றாவது ஹட்டன், பண்டாரவளை, நுவரெலியா போன்ற அருகிலுள்ள நகரத்தில் இருக்கட்டும். கொழும்பில் வாங்கினால் மலிவு, பழுதானால் கொழும்புக்கே கொண்டுபோக வேண்டும்.

பணம் டொலரில் வந்தால் மாற்று வீதம் விளையாடும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. வீதம் கூடினால் இறக்குமதிப் பொருளின் விலையும் கூடும், குறைந்தால் கையில் வரும் ரூபாவே குறையும். எதிர்பாராச் செலவுக்கு 5 முதல் 10 வீதம் வையுங்கள். நிதியம் அதை அனுமதிக்கிறதா என்று விதியில் பாருங்கள்.

விடுபடும் செலவுகள் சில: பயிற்சிக்கு வரும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர், ஒரு தேநீர், பயிற்றுநரின் பஸ் காசு, சிங்களப் படிவத்தை மொழிபெயர்க்கும் கூலி, கணக்காய்வாளர் கட்டணம். பயிற்றுநருக்குக் கட்டாயம் சம்பளம் போடுங்கள். "தம்பி சும்மா செய்து தருவான்" என்று எழுதிய திட்டங்களில் தம்பிக்கு வேலை கிடைத்துப் போனதும் அறை மூடிவிடும். கொழும்புக்குப் பிள்ளைகள் போகும் வேகம் நமக்குத் தெரியாததா?

7. இப்போது நிதி தேடுங்கள்

பெரிய பெயருக்குப் பின்னால் போகாமல் உங்கள் தொகைக்கும் பிரிவுக்கும் பொருந்தும் கதவைத் தேடுங்கள். அமெரிக்காவின் யுஎஸ்எயிட் 2025 ஜூலையுடன் நின்ற பிறகு மற்ற இடங்களில் நெரிசல் கூடியிருக்கிறது. பழைய பட்டியல்களை நம்ப வேண்டாம்.

ஐ.நா. அகதிகளுக்கான உயர் ஸ்தானிகரகத்தின் அகதிகள் வழிநடத்தும் புத்தாக்க நிதி, இடம்பெயர்ந்தவர்களும் நாடற்றவர்களும் தாங்களே நடத்தும் அமைப்புகளுக்கானது. உங்கள் நிர்வாகக் குழுவில் அப்படிப்பட்டவர்கள் முடிவெடுக்கும் இடத்தில் இல்லாவிட்டால் கேட்க வேண்டாம். பெயருக்கு ஒருவரைத் தலைவராக்கினால் நேர்காணலில் தெரிந்துவிடும்.

இணைய இணைப்பு சார்ந்த வேலை என்றால் ஏபிநிக் அறக்கட்டளையின் ஐசிஃப் ஏசியா நிதியும் இன்டர்நெட் சொசைட்டி அறக்கட்டளையும் பார்க்கத்தக்கவை. இவர்கள் தொழில்நுட்பத்தை நுணுக்கமாகக் கேட்பார்கள்; மூன்றாம் படியில் வரைந்த தாள் இங்கே பொன்.

கொழும்பில் உள்ள தூதரகங்களின் சிறு நிதிகளும் உண்டு: கனடாவின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதி, அவுஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டம், ஜப்பானின் அடிமட்ட மனிதப் பாதுகாப்பு மானியம். ஜப்பானியது கட்டடம், உபகரணம் போன்றவற்றுக்குப் பொருத்தம். மாதாந்தச் செலவை அதில் எதிர்பார்க்காதீர்கள். கனடாவினது அவர்களது நிதியாண்டுக்குள் முடியும் குறுகிய வேலைக்கு. ஒரே திட்டத்தை இரண்டாகப் பிரித்து, உபகரணத்தை ஓரிடத்திலும் பயிற்சியை இன்னோரிடத்திலும் கேட்கலாம். அப்படிக் கேட்டால் இரண்டு விண்ணப்பத்திலும் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒரே ரசீதை இருவருக்கும் காட்டுவது மோசடி.

முதல்முறை கேட்பவர்களுக்கு என் யோசனை: சிறிய தொகையைக் கேளுங்கள், சரியாக முடியுங்கள், அந்த அறிக்கையோடு பெரியதைக் கேளுங்கள்.

8. படிவத்தை நிரப்புவது

முதலில் தமிழில் இரண்டு பக்கம் எழுதி நிர்வாகக் குழுவில் வாசித்துக் காட்டுங்கள். எல்லாரும் தலையாட்டிய பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். வெளியாள் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி உங்களிடம் கையொப்பம் மட்டும் வாங்கினால், நிதியத்திலிருந்து போன் வரும்போது உங்கள் திட்டத்தில் என்ன இருக்கிறதென்று உங்களுக்கே தெரியாது. செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தரும் விண்ணப்பங்களுக்கும் இதே கதி: வழவழப்பாக இருக்கும், பத்தும் ஒரே முகமாக இருக்கும், உங்கள் லயத்தின் பெயர் ஓரிடத்திலும் வராது.

இலக்குகளை எண்ணத்தக்க செயலாக எழுதுங்கள். "200 பேருக்குப் பயிற்சி" என்பது வருகைப் பதிவேடு மட்டும். "வேறொருவர் உதவியின்றித் தன் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்குத் தானே விண்ணப்பித்தவர்கள் 40" என்பது மாற்றம். தொடங்கும் முன் அந்த எண் எத்தனை என்று அளந்து வைக்காவிட்டால் கடைசியில் எதையும் நிரூபிக்க முடியாது.

எழுதப் படிக்கத் தெரியாத மூத்தவர்களுக்கு என்ன செய்வீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். குரல் செய்தி, குரல் வழித் தட்டச்சு, பேரப்பிள்ளையோடு சோடியாக உட்கார வைப்பது என்று நடைமுறையில் பதில் சொல்லுங்கள்.

கால அட்டவணையில் ஒக்டோபர், நவம்பர் மழையில் வெளி வேலை வைக்காதீர்கள். அந்த மாதங்களில் பாதையே இருக்காது.

9. பணம் வந்த பிறகு

முதல் வாரத்தில் பொருள் வாங்க ஓடாதீர்கள். ஒப்பந்தத்தில் எந்தச் செலவுத் தலைப்பை எத்தனை வீதம் மாற்றலாம், எழுத்து அனுமதி எப்போது வேண்டும் என்று படித்து, ஒரு தாளில் தமிழில் எழுதிப் பொருளாளரின் மேசைக்கு மேல் ஒட்டுங்கள். ரசீது இல்லாத செலவு உங்கள் சொந்தச் செலவு. ஓட்டோக்காரரும் தேநீர்க்கடைக்காரரும் பில் தரமாட்டார்கள். அச்சிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகமொன்றை நீங்களே வைத்திருந்து கையொப்பம் வாங்குங்கள்.

ஒவ்வொரு போனுக்கும் இலக்கம் போட்டு, அதன் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) பதிவேட்டில் எழுதுங்கள். வீட்டுக்குக் கொடுப்பதா, அறையில் வைப்பதா என்பது பெரிய விவாதம். நான் பார்த்தவரை, வீட்டுக்குக் கொடுத்த போன் ஒரு மாதத்தில் வீட்டு ஆம்பிளையின் சட்டைப் பையில் இருக்கும். பெண்களுக்கான திட்டமென்றால் முதல் மூன்று மாதம் அறையில் வைத்து, பிறகு அவர் பெயரில் உள்ள சிம்மோடு அவர் கையிலேயே கொடுப்பது சரிவருகிறது.

அடையாள அட்டைப் படங்களை வட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். இடம்பெயர்ந்தவர்களின் பெயர், எண், கைக்குழந்தையின் படம் எல்லாம் அப்படித்தான் வெளியே போகின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதை நினைவில் வையுங்கள். தேவையில்லாத விபரத்தை வாங்காதீர்கள், வாங்கியதைப் பூட்டி வையுங்கள், எப்போது அழிப்பீர்கள் என்று எழுதி வையுங்கள். நிதியத்துக்கு அனுப்பும் புகைப்படத்துக்கு அவரவர் சம்மதம் தமிழில் எழுத்தில் வேண்டும். மாட்டேன் என்றவருக்கும் பயிற்சி உண்டு என்பதை அந்தத் தாளிலேயே அச்சிடுங்கள்.

மோசடி பற்றிய பாடத்தைக் கடைசி வகுப்புக்குத் தள்ளாதீர்கள். புதிதாகப் போன் பிடித்தவருக்குத்தான் "பரிசு விழுந்திருக்கு, அந்த ஆறு எண்ணைச் சொல்லுங்க" என்ற அழைப்பு முதலில் பலிக்கும். உடனடிக் கடன் செயலிகளும் அப்படியே. இரண்டாவது வகுப்பிலேயே, ஒருவர் மோசடிக்காரராக நடித்து இன்னொருவரை ஏமாற்றப் பார்க்கட்டும். சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வார்கள்.

இடைக்கால அறிக்கையில் தவறியதையும் எழுதுங்கள். வகுப்புக்கு எட்டுப் பேர்தான் வந்தார்கள் என்றால் எட்டு என்றே போட்டு, ஏன், நேரத்தை எப்படி மாற்றினீர்கள் என்று சேருங்கள். எல்லாம் நூறு வீதம் என்று வரும் அறிக்கையைப் பார்த்தவுடன்தான் நிதியத்தார் நேரில் வந்து பார்க்கத் தீர்மானிக்கிறார்கள்.

திட்டம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே ஒப்படைப்புக் கூட்டத்தை வையுங்கள். அறைக்கு மூவர் குழு, அதில் இருவர் பெண்கள், ஒருவர் இடம்பெயர்ந்து வந்தவர். மாதம் வீட்டுக்கு எவ்வளவு சேர்ப்பது, அந்தப் பணம் எந்தக் கணக்கில், ரீலோட் எந்தத் தேதியில் என்பதை முடிவு செய்து, அந்த மூன்று மாதமும் நீங்கள் காசு போடாமல் அவர்களை நடத்த விடுங்கள். தடுமாறினால் இன்னும் நிதி கையில் இருக்கிறது, திருத்தலாம்.